வாயில் வாழும் கிருமி மூளைக்குப் போவது எப்படி?

கேள்வி: 46 வயதான என் அண்ணனுக்குச் சில வாரங்களாகத் தலைவலி இருந்தது. காய்ச்சல் இல்லாததால் ஒற்றைத் தலைவலி என்றே நினைத்திருந்தோம். ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அவருடைய வலது கை தடுமாறியது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, மூளையின் இடப்பக்கத்தில் சீழ்க்கட்டி என்று கூறி, மண்டையோட்டில் துளையிட்டுச் சீழை வெளியேற்றினார்கள். அதில் ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்டர்மீடியஸ்’ என்ற அபூர்வமான வாய்க்கிருமி இருந்ததாம். அவருக்குப் பல்வலியே வந்ததில்லை. இது எப்படிச் சாத்தியம்? இனி எல்லாப் பற்களையும் எடுத்துவிட வேண்டுமா?

பதில்: முதலில் ஒரு திருத்தம். இந்தக் கிருமி அபூர்வமானதல்ல. நலமாக இருக்கும் பலரின் வாயிலும் அது வசிக்கிறது. அது மூளை வரை சென்று சேர்வதுதான் அபூர்வம். எல்லாக் காரணங்களையும் சேர்த்தே, மூளைச் சீழ்க்கட்டி ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு மட்டுமே வருகிறது. ஃபியூசோபாக்டீரியம், அக்ரிகேட்டிபாக்டர், பார்விமோனாஸ் என்று பரிசோதனை அறிக்கைகளில் அவ்வப்போது தலைகாட்டும் பெயர்களும் இதே வாய்க்குடியிருப்பைச் சேர்ந்தவைதான்.

வலி இல்லை என்பதை வைத்துப் பல்லை விடுவிக்க முடியாது. பல்லின் உள்ளே இருக்கும் நரம்பு செத்துவிட்டால் வலியும் நின்றுவிடும்; ஆனால் வேர்நுனியில் தொற்று ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும், எக்ஸ்-ரேயில் கறுப்புத் திட்டாக மட்டுமே தெரியும். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்னத்துச் சைனஸின் தரையை ஒட்டி இருப்பதால், அங்கிருந்து தொற்று சைனஸுக்கும், பிறகு எலும்பைத் துளைத்துச் செல்லும் சிறு இரத்தக்குழாய்கள் வழியாக மூளைக்கும் பரவலாம். முகத்துச் சிரைகள் பலவற்றில் இரத்தம் இரு திசைகளிலும் ஓடக்கூடும் என்பதும் கிருமிக்குச் சாதகம்.

இரண்டாவது வழி இரத்த ஓட்டம். ஈறு வீங்கியிருப்பவர் பல் துலக்கும்போதும் மெல்லும்போதும்கூடச் சிறிதளவு கிருமிகள் இரத்தத்தில் கலப்பதுண்டு. நுரையீரலின் நுண்குழாய்கள் சல்லடை போல அவற்றைப் பிடித்துக்கொள்ள, உடலின் எதிர்ப்புச் சக்தி மிச்சத்தைத் தீர்த்துவிடும். இதயத்தின் மேலறைகளுக்கு இடையே பிறவித் துளை மூடாமல் இருந்தாலோ, நுரையீரலில் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்திருந்தாலோ, இரத்தம் அந்தச் சல்லடையைத் தாண்டி மூளைக்குப் போய்விடக்கூடும். ஆகவே பல்லிலும் சைனஸிலும் காதிலும் காரணம் சிக்காவிட்டால், இரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தி இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையின் பரபரப்பில் இந்தக் கேள்வி விடுபட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

காய்ச்சல் இல்லாததால் நீங்கள் ஏமாந்தது இயல்பே. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காய்ச்சல் இருப்பதில்லை; தலைவலி, காய்ச்சல், கை கால் பலவீனம் ஆகிய மூன்றும் ஒருசேர வருவது ஐந்தில் ஒருவருக்குத்தான். தொற்று புகுந்த முதல் நாட்களில் மூளைத் திசு அழற்சி மட்டுமே கொள்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில்தான் சீழைச் சுற்றி உறை முதிர்கிறது. சாதாரண ஸ்கேனில் இது புற்றுக்கட்டியைப் போலவே வளையமாகத் தெரியக்கூடும். எம்.ஆர்.ஐ.யில் நீர் மூலக்கூறுகளின் அசைவை அளக்கும் ‘டிஃப்யூஷன்’ படம், அசைவு குறைந்த கெட்டியான சீழைப் பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும்.

கிருமியின் பெயர் கிடைத்ததே ஒரு நல்ல வாய்ப்பு. வாய்க்கிருமிகளில் பல ஆக்சிஜன் பட்டால் மடிபவை. பஞ்சுக்குச்சியில் தொட்டு அனுப்பினால் பரிசோதனைக்கூடத்தில் எதுவும் வளராமல் போகலாம். முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தாலும் இதே நிலைதான். அப்போது சீழில் உள்ள கிருமியின் மரபணுவைப் படித்து அடையாளம் காண்கிறார்கள். ஒரு பெயர் மட்டும் வந்திருந்தாலும் வளராத துணைக்கிருமிகள் இருக்கலாம் என்று கருதியே செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக்குடன் மெட்ரோனிடசோல் என்ற இன்னொன்றையும் சேர்த்துத் தருவது வழக்கம். பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் ஊசி மருந்து தொடரும். கை சரியாகிவிட்டதே என்று இடையில் நிறுத்துவது ஆபத்து. மாறாக, முழுதும் குணமான பின்னும் ஸ்கேனில் வளையத்தின் சாயல் சில மாதங்கள் தெரியலாம். அதைக் கண்டு கலங்க வேண்டாம். 1960களில் இந்நோயால் பத்தில் நான்கு பேர் இறந்தனர். அண்மைக் காலத்தில் அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. வலிப்பு வரும் வாய்ப்பு சிலருக்கு நீடிப்பதால், வண்டி ஓட்டுவதை மருத்துவர் அனுமதிக்கும்வரை தள்ளிப்போடட்டும்.

எல்லாப் பற்களையும் எடுக்க வேண்டியதில்லை. பல் மருத்துவர் வாய் முழுவதற்கும் எக்ஸ்-ரே எடுத்து, தொற்றுள்ள பல்லுக்கு வேர் சிகிச்சை செய்வார், அல்லது அதை மட்டும் பிடுங்குவார்.

கேள்வி: அடுத்த வாரம் ஞானப்பல்லைப் பிடுங்கப் போகிறேன். மூளைக்குத் தொற்று பரவாமலிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் சாப்பிடலாமா?

பதில்: நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். செயற்கை இதய வால்வு உள்ளவர்கள், முன்பு இதய உள்ளுறை அழற்சி வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கே முன்கூட்டிய மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. அதுவும் இதயத்தைக் காக்கத்தான். ஆனால் பல் பிடுங்கிய சில வாரங்களுக்குள் நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு பக்கப் பலவீனம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பல் எடுத்த விவரத்தை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.