எழுத்துக்கூட்டினால் பொருள் வருமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கிலச் சொல்வளம் பெருகும் என்று நம்பி, கலைத்துப்போட்ட எழுத்துகளைச் சேர்த்துச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டை ஆறு மாதமாகத் தினமும் அரைமணி நேரம் ஆடுகிறேன். ஐந்தெழுத்துச் சொற்கள் சட்டென்று பிடிபடுகின்றன. ஏழெழுத்து என்றால் திணறல்தான். விடை சொல்லும் இணையதளத்தைப் பார்த்துவிடுகிறேன். புதிய சொற்களைத் தமிழ்ப் பொருளோடு நோட்டில் எழுதிவருகிறேன். நானூறு சேர்ந்துவிட்டது. ஆனால் ஆங்கிலக் கட்டுரை படிக்கும்போது அவற்றில் ஒன்று எதிர்ப்பட்டால்கூடப் பொருள் நினைவுக்கு வருவதில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் வேலையின் வரிசை தலைகீழாக இருக்கிறது. கலைந்த எழுத்துகளிலிருந்து நாம் எடுப்பது ஏற்கெனவே அறிந்த சொல்லை மட்டும்தான். அறியாத சொல் தற்செயலாகக் கைக்கு வந்தாலும், அது சொல்தான் என்று நமக்கு எப்படித் தெரியும்? எழுத்து நினைவும் பொருள் நினைவும் தனித்தனியே இயங்கக்கூடியவை. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிளில் (எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் பலகை ஆட்டம்) உலகப் பட்டம் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஆடினார். ஆட்டத்துக்கு அது போதும், வாசிப்புக்குப் போதாது.

ஒரு எடுத்துக்காட்டை நிதானமாகப் பார்ப்போம். ஏ, இ, ஜி, எல், என் என்று ஐந்து எழுத்துகள். இவற்றை 120 விதமாக அடுக்கலாம். அத்தனையையும் யாரும் முயல்வதில்லை. உயிர் இரண்டையும் (ஏ, இ) ஒரு பக்கம் வையுங்கள். மெய் மூன்றில் ஜி-எல் சேர்ந்து 'கிளாஸ்' போலச் சொல்லைத் தொடங்கலாம். என்-ஜி அநேகமாக எந்தச் சொல்லையும் தொடங்காது. நடுவிலோ கடைசியிலோதான் நிற்கும். எல்-இ என்பது 'டேபிள்', 'சிம்பிள்' போன்றவற்றில் வரும் ஈற்றெழுத்துகள். இப்படிப் பார்த்தால் என்-ஜியை நடுவில் வைத்து எல்-இ ஈற்றோடு 'ஆங்கிள்' வருகிறது. அதே ஈற்றைத் திருப்பிப்போட்டால் 'ஏஞ்சல்'. ஜிக்கு அடுத்து இ வந்ததால் 'ஜ' ஒலி. எல் வந்தபோது 'க' ஒலி. எழுதும்போது இந்த இரண்டும் அடிக்கடி இடம் மாறும். காரணத்தைத் தெரிந்துகொண்டால் மாறாது.

மூன்றாவது சொல், ஜி-எல்லில் தொடங்கும் 'கிளீன்' (ஜி-எல்-இ-ஏ-என்). உங்கள் நோட்டில் இது இருந்தால் எதிரே 'சேகரி' என்று எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அங்கேதான் சொல் கைநழுவுகிறது. 'கலெக்ட்' என்பதற்கும் அதே பொருளைத்தானே எழுதுவீர்கள்? இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் கதிர் பொறுக்குதல்: அறுவடை முடிந்தபின் வயலில் சிந்திக் கிடப்பதைக் குனிந்து குனிந்து எடுப்பது. அதிலிருந்துதான் பல இடங்களில் சிதறிய தகவலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரட்டுவது என்ற பொருள் வந்தது. கூடவே வரும் சொற்கள் 'இன்ஃபர்மேஷன்', 'ஃபேக்ட்ஸ்'. எங்கிருந்து என்பதைச் சொல்ல 'ஃப்ரம்'. இவ்வளவும் சேர்ந்தால்தான் கட்டுரையில் பார்க்கும்போது அடையாளம் தெரியும்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கதிர் பொறுக்கும் சொல்லும் சுத்தம் செய்யும் சொல்லும் நம் எழுத்தில் ஒரே 'கிளீன்'தான். ஆங்கிலத்தில் முதலெழுத்தும் அதன் ஒலியும் வேறு. அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டுக் காதால் கேளுங்கள்.

ஒலி இன்னொரு வகையிலும் ஏமாற்றும். நாம் வாய்க்குள் ஒலித்துப் பார்த்தே எழுத்துகளை அடுக்குகிறோம். என், ஐ, ஜி, எச், டி என்று வந்தால் (இந்த டி, டேபிளின் டி) சிலருக்கு 'திங்' உடனே வரும், 'நைட்' வரவே வராது. முன்னதில் டி-எச் ஓரொலி, என்-ஜி ஓரொலி. பின்னதில் ஜியும் எச்சும் வாய் திறப்பதே இல்லை. ஆகவே எஸ்-எச், சி-எச், டி-எச், சி-கே, ஜி-எச் ஆகிய ஜோடிகளைக் கண்ணால் தேடுங்கள். க்யூ வந்தால் அநேகமாக யூ பின்னாலேயே நிற்கும்.

ஏழெழுத்துக்கு வருகிறேன். எல்லாம் வெவ்வேறு எழுத்துகள் என்றால் 5040 அடுக்குகள். ஐ-என்-ஜி மூன்றும் இருந்தால் ஈறாகக் கழற்றி வையுங்கள். மீதி நான்கெழுத்துக்கு 24 அடுக்குகள்தான். ஆனால் 'கிங்டம்' போன்ற சொல்லில் அது நடுவில் ஒளிந்திருக்கும். இரண்டு நிமிடத்தில் வராவிட்டால் கழற்றியதைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். அப்போதும் வராவிட்டால் முதலெழுத்தை மட்டும் பாருங்கள். முழு விடையையும் பார்த்தால் தேடியதன் பயன் போய்விடும்.

விடை சொல்லும் தளங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவை பெரும்பாலும் விளையாட்டுக்கான சொற்பட்டியலைப் பின்பற்றுபவை. இரண்டு ஏ சேர்ந்த சொல்கூட அதில் செல்லும். கரடுமுரடான ஒருவகை எரிமலைப் பாறைக்குழம்பின் பெயர் அது. அதைக் கற்று உங்கள் வாசிப்புக்கு என்ன ஆகப்போகிறது? ஆக்ஸ்ஃபோர்டு 3000 என்ற அடிப்படைச் சொற்பட்டியலில் இருப்பதையும், நீங்கள் படித்த பக்கத்தில் நேரில் கண்டதையும் மட்டும் நோட்டில் ஏற்றுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது இது. படிக்கும் கட்டுரையிலிருந்து நாளொன்றுக்கு ஐந்து சொல், அதற்கு மேல் வேண்டாம். ஒரு அட்டையின் பின்புறம் சொல், பொருள், அது இருந்த வாக்கியம், கூட வரும் இரண்டு சொற்கள். முன்புறம் அதே வாக்கியம், சொல்லின் இடத்தில் கோடு. கீழே அதன் எழுத்துகள் அகரவரிசையில். ஸ்கிராபிள்காரர்கள் இந்த அடுக்கை ஆல்ஃபாகிராம் என்பார்கள். மனம்போனபடி கலைத்தால் சொல்லின் பாதி உருவம் அப்படியே மிஞ்சி விடையைக் காட்டிக்கொடுக்கும், அதனால்தான் அகரவரிசை. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் எடுத்துப் பாருங்கள். வாக்கியத்தைப் படித்து முதலில் பொருளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிறகுதான் எழுத்தைக் கூட்ட வேண்டும். சொல் வந்து பொருள் வராவிட்டால் அது தவறான விடை. அட்டை முதல் நாளுக்குத் திரும்பும். இந்த ஒன்றில் மட்டும் உங்களுக்கு நீங்களே சலுகை கொடுக்காதீர்கள்.

பழைய நோட்டைத் தூக்கிப்போட வேண்டாம். நானூறையும் ஒருமுறை புரட்டி, விளையாட்டுக்கு வெளியே எங்காவது கண்டதாக நினைவிருக்கும் சொற்களுக்குப் பென்சிலால் புள்ளி வையுங்கள். அட்டை போடுவதை அவற்றிலிருந்தே தொடங்கலாம்.