அகலப் பாதத்துக்கு எந்தச் சப்பாத்து? வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: பினாங்கு கேம்பல் தெருப் பக்கம் குழந்தைகள் சப்பாத்துக் கடை நடத்தி ஓய்வு பெற்றவர்)

அக்கா, என் மகனுக்கு ஒரு வயது எட்டு மாதம். பாதம் பன்னு மாதிரி உப்பலாக, அகலமாக இருக்கிறது. நீளத்துக்கு 21 நம்பர் சரி என்று கடையில் சொன்னார்கள்; கால் உள்ளே போகவே இல்லை. 22-இல் கால் போனது, மேல்பட்டை ஒட்டவில்லை. கடைசியில் 23 வாங்கினோம். போட்டுவிட்டால் நாலு எட்டு வைப்பதற்குள் தடுக்கி விழுகிறான். "வளர்ற பிள்ளைதானே, சரியாயிடும்" என்கிறார் மாமியார். அவன் காலில் ஏதாவது குறையா? – பட்டர்வொர்த் வாசகி

குறை எதுவும் இல்லை தங்கச்சி, அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். இந்த வயதில் பாதம் அப்படித்தான் இருக்கும். உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை, மேல்பாதத்தில் சதை, குதிகால் ஒடுங்கி விரல் பக்கம் விரிந்த வடிவம். எலும்பு என்று நாம் நினைப்பதில் பாதி இன்னும் குருத்தெலும்புதான். பாதத்தின் உள்வளைவில் இருக்கும் ஓர் எலும்பு கெட்டிப்படத் தொடங்கவே ஏறக்குறைய மூன்று வயது ஆகிவிடும். அவ்வளவு இளசான கால் என்பதால் இறுக்கமான சப்பாத்து போட்டாலும் பிள்ளை பெரும்பாலும் அழாது. பாதம் சப்பாத்துக்குத் தகுந்தபடி ஒடுங்கிக்கொடுக்கும். பிள்ளை பேசாமல் நடக்கிறது, அதனால் சரியாகத்தான் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் மாமியார் சொல்வதை நம் வீடுகளில் எல்லாப் பெரியவர்களும் சொல்வார்கள். காசு வீணாகக் கூடாது என்ற அக்கறைதான் அது. ஆனால் அகலம் போதவில்லை என்பதற்காக நீளத்தைக் கூட்டினால் பிள்ளை விழத்தான் செய்வான். கணக்கைப் பாருங்கள். ஐரோப்பிய அளவில் ஒரு நம்பர் ஏறினால் நீளம் 6.7 மில்லிமீட்டர் கூடும். 21-இலிருந்து 23-க்குப் போனதில் 13 மில்லிமீட்டர் ஏறிவிட்டது. 21-இலேயே விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருந்திருக்கும். ஆக இப்போது அவன் விரலுக்கு முன்னால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வெறும் இடம்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எந்தச் சப்பாத்திலும் மிக அகலமான இடம் ஒன்று இருக்கும். அது மடங்குவதும் அங்கேதான். பெருவிரல் மூட்டும் சுண்டுவிரல் மூட்டும் அந்த இடத்தில் சரியாக உட்கார வேண்டும். நீளம் கூடிய சப்பாத்தில் அந்த இடம் முன்னால் தள்ளிப் போய்விடும். காலின் அகலமான பகுதி சப்பாத்தின் ஒடுங்கிய நடுப்பகுதியில் மாட்டிக்கொள்ளும். அகலம் வேண்டும் என்று வாங்கிய சப்பாத்து அகலத்தையும் கொடுக்காது. குதிகால் கழன்று கழன்று வரும், விரல்கள் தரையைப் பிடிக்கப் பார்க்கும், முனை தடுக்கும்.

1920களில் அமெரிக்காவில் சார்ல்ஸ் பிரானாக் என்பவர் வடிவமைத்த அளவுத் தட்டு இன்றும் சில கடைகளில் இருக்கிறது. கால் வைக்கும் உலோகப் பலகை, அதில் நகரும் சட்டங்கள். அது நீளத்தோடு நிற்காமல் அகலத்தையும், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையிலான தூரத்தையும் அளக்கும். அந்த மூன்றாவது அளவு எதற்கு என்று இப்போது புரியும்.

தட்டு இல்லாவிட்டால் வீட்டிலேயே அளக்கலாம். சாயங்காலமாகப் பார்த்து அளங்கள். அந்த நேரத்தில் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், நம்மூர் வெக்கையில் கேட்கவே வேண்டாம். தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் போட்டு, பிள்ளையின் குதிகால் சுவரில் படும்படி நிறுத்துங்கள். மடியில் வைத்து அளக்கக் கூடாது. உடம்பின் பாரம் இறங்கினால்தான் பாதம் முழுதாகப் பரவும். ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பென்சிலைச் செங்குத்தாக வைத்துச் சுற்றிலும் கோடு போடுங்கள். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் அகலம் குறைந்துவிடும், இவ்வளவு பாடும் வீண். எல்லாருக்கும் பெருவிரல்தான் நீளம் என்று எண்ண வேண்டாம். இரண்டாவது விரல் நீண்டிருந்தால் அதுவரை அளங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பதும் அபூர்வம். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது அந்தத் தாளை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். சப்பாத்துக்குள் இருக்கும் மெத்தையை வெளியே உருவச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மெத்தையைத் தரையில் போட்டுப் பிள்ளையை அதன்மேல் நிறுத்துங்கள். விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம், அதாவது ஒரு சென்டிமீட்டரோ கொஞ்சம் கூடவோ மிச்சம் இருந்தால் நீளம் சரி. பக்கவாட்டில் சதை விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்த மாடலை வைத்துவிட்டு வாருங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான சோதனை வேறு இல்லை.

21-இல் கால் உள்ளே போகவே இல்லை என்றீர்களே, அதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். சப்பாத்தை மாட்டும்போது இந்த வயதுப் பிள்ளைகள் விரல்களை உள்ளே மடக்கிக்கொள்வார்கள். நாம் தள்ளத் தள்ள அவர்கள் இன்னும் மடக்குவார்கள். அவசரப்படாமல் கணுக்காலிலிருந்து விரல்வரை மேல்பாதத்தை மெல்லத் தடவிக்கொடுங்கள், விரல் தானாக நீளும். அந்த நேரத்தில் காலை உள்ளே விட்டு, உடனே எழுப்பி நிற்க வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது முனையை அழுத்திப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இனி என்ன மாதிரி சப்பாத்து என்று பார்ப்போம். அகலத்துக்கென்றே எழுத்து போட்டு விற்கும் கம்பெனிகள் உண்டு. பிரிட்டிஷ் முறையில் எஃப் என்றால் சாதாரணம், ஜி அகலம், எச் இன்னும் அகலம். கிளார்க்ஸ் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். நியூ பேலன்ஸ் போன்ற அமெரிக்கச் சப்பாத்தில் டபிள்யூ, எக்ஸ்டபிள்யூ. ஜப்பான் தயாரிப்பில் 2இ, 3இ என்று எண் கூடக் கூட அகலமும் கூடும். பெரிய பேரங்காடிக்குப் போனால் கேட்டுப் பாருங்கள். அலமாரியில் இல்லாவிட்டாலும் சில கடைகள் வரவழைத்துத் தருவார்கள்.

ஆனால் நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் ஒரு மாடலுக்கு ஒரே அகலம்தான் வரும். அப்போது உருவத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மூக்கு வட்டமாக, உயரமாக இருக்கட்டும். கூர் மூக்கு வேண்டவே வேண்டாம். வாய் விரல்வரை திறக்க வேண்டும். உப்பிய மேல்பாதத்துக்கு அகலம் எவ்வளவு முக்கியமோ ஆழமும் அவ்வளவு முக்கியம். உங்கள் மகனுக்கு 22-இல் பட்டை ஒட்டாமல் போனது ஆழம் போதாததால்தான் என்று நினைக்கிறேன். பட்டை நீளமாக, ஒட்டிய பிறகும் ஒரு விரல் மிச்சம் இருக்கும்படி பாருங்கள். இரண்டு பட்டை இருந்தால் இன்னும் நல்லது. குதிகால் பக்கம் கெட்டியாக, முன்பக்கம் கையால் வளைத்தால் வளைய வேண்டும். துணி, மெல்லிய தோல் என்றால் காலுக்குத் தகுந்தபடி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பளபளவென்று இருக்கும் செயற்கைத் தோல் விட்டுக்கொடுக்காது, வியர்வையையும் வெளியே விடாது.

துளை போட்ட ரப்பர் காலணி அகலமாக இருக்கிறதே, அதையே போடலாமா என்று பலர் கேட்பார்கள். குதிகால் வாரைப் பின்னால் போட்டுவிட்டுச் சிறிது நேரம் கடற்கரையில் நடக்கவிடலாம். நாள் முழுக்க வேண்டாம். எஸ்கலேட்டரில் அந்த மெத்தென்ற ரப்பர் ஓரத்தில் சிக்கிக்கொள்ளும், அங்கே பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

வாங்கின பிறகும் வேலை இருக்கிறது. குயின் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவீர்கள் அல்லவா, அந்த நேரத்தில் காலைப் பாருங்கள். மேல்பாதத்தில் பட்டையின் தடம், சுண்டுவிரல் ஓரத்தில் சிவப்பு, விரல் நுனியில் அழுந்திய அடையாளம் இருக்கிறதா? லேசான காலுறைக் கோடு சில நிமிடங்களில் மறைந்துவிடும். சிவப்பு அப்படியே நின்றால் சப்பாத்து இறுக்கம். காலுறையும் இறுக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தாளில் மறுபடி அளந்துவிடுங்கள், இந்த வயதில் கால் அவ்வளவு வேகமாக வளரும்.

வீட்டுக்குள் வெறுங்காலோடு ஓடட்டும். சப்பாத்தை வாசலில் விடும் நம் பழக்கம் குழந்தையின் காலுக்கு ரொம்ப நல்லது. விரல்கள் விரிந்து தரையைப் பிடித்து நடந்தால்தான் பாதத்துக்குப் பலம் வரும். அந்த 23 நம்பரைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அவன் கால் நீளம் அதற்கு வரும்போது அகலம் பொருந்துகிறதா என்று மெத்தையை உருவிப் பார்த்துப் போடலாம்.

கடை கடையாக ஏறி இறங்க நேரமில்லை. இணையத்தில் வாங்கலாமா? ஒவ்வொரு விற்பனையாளரும் ஒவ்வொரு நம்பர் சொல்கிறார்கள். – பாயான் லெப்பாஸ் வாசகி

வாங்கலாம், நம்பரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே கால் ஐரோப்பிய அளவில் 22 ஆகவும் பிரிட்டிஷ் அளவில் 5 அல்லது 5½ ஆகவும் இருக்கும். சென்டிமீட்டரில் கேளுங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிலர் போடும் அட்டவணை பிள்ளையின் கால் நீளம், சிலர் போடுவது சப்பாத்துக்குள் இருக்கும் மெத்தையின் நீளம். இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். கால் 12.7 சென்டிமீட்டர் என்றால் மெத்தை 13.7-இலிருந்து 14 வரை இருக்க வேண்டும். "மெத்தையை வெளியே எடுத்து, நீளத்தையும் மிக அகலமான இடத்தின் அளவையும் அடிக்கோல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று எழுதிக் கேளுங்கள். படம் அனுப்புபவரிடம் வாங்குங்கள். மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் மட்டும் போட்டுப் பாருங்கள்.

அளவு கொடுத்துக் கையால் தைத்து வாங்கினால் என்ன? – ஜெலுத்தோங் வாசகர்

சப்பாத்துத் தொழிலுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. உலகமே அறிந்த ஜிம்மி சூ இந்தப் பினாங்கில் பிறந்து, தன் தகப்பனாரிடம்தான் தொழில் கற்றார். கைவேலைமீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் மூன்று மாதத்தில் சிறுத்துப்போகும் சப்பாத்துக்கு அவ்வளவு செலவு வேண்டாம். பெரிய பிள்ளையாகி, கடைச் சப்பாத்து எதுவும் பொருந்தாவிட்டால் அப்போது யோசிக்கலாம்.

என் மகளுக்கு இரண்டு வயது. பாதம் அகலம், தட்டையாகவும் இருக்கிறது. வளைவு வர வேண்டும் என்று உள்ளே மேடு வைத்த சப்பாத்தை 200 வெள்ளிக்கு மேல் சொல்கிறார்கள். வாங்கவா? – கோலாலம்பூர் செந்தூல் வாசகர்

வேண்டாம் தம்பி. இரண்டு வயதில் தட்டையாகத் தெரிவது பெரும்பாலும் நான் மேலே சொன்ன கொழுப்பு மெத்தையாலும், மூட்டுகள் இளகி இருப்பதாலும்தான். வளைவு மெல்ல மெல்ல வரும், ஆறு ஏழு வயதுவரைகூட ஆகும். 1989-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒன்றிலிருந்து ஆறு வயதுவரை உள்ள தட்டைப் பாதப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். சிலருக்குத் திருத்தச் சப்பாத்தும் உள்மெத்தையும் கொடுத்தார்கள், சிலருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கடைசியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்த மேடு அகலப் பாதத்தின் இடத்தையும் அடைத்துக்கொள்ளும் என்பதால் உங்கள் மகளுக்குக் கூடுதல் தொல்லை.

மேலே எட்டாத ஒரு பொம்மையைக் காட்டுங்கள். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கும்போது உள்வளைவு தெரிந்தால் கவலை இல்லை. ஆனால் நுனிக்காலிலும் பாதம் விறைப்பாகத் தட்டையாகவே இருந்தால், ஒரு கால் மட்டும் பெரிதாகத் தெரிந்தால், மேல்பாதம் வீங்கியோ சிவந்தோ இருந்தால், நொண்டினால், நன்றாக நடந்த பிள்ளை திடீரென்று நடக்க மறுத்தால், சப்பாத்துக் கடைக்குப் போகாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

பெரிய பேரனின் சப்பாத்து புதுசு போலவே கிடக்கிறது. சின்னவனுக்குப் போடலாமா? அவனுக்குக் கால் கொஞ்சம் அகலம். – ஆயர் ஈத்தாம் பாட்டி

தினமும் போட்டு நடந்ததா என்று பாருங்கள் அம்மா. அடியைத் திருப்பினால் குதிகால் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறதா, உள்ளே மெத்தையில் பெரியவனின் விரல் தடம் குழி விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் வேண்டாம். அந்தச் சப்பாத்து அவன் காலுக்குப் படிந்துவிட்டது, சின்னவனின் அகலக் கால் அதற்குள் இடிபடும். தீபாவளிக்கும் ஒரு கல்யாணத்துக்கும் போட்டுவிட்டு எடுத்து வைத்தது என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், மெத்தையை உருவி அவனை அதன்மேல் நிறுத்திப் பார்த்துவிட்டு.