ஆறு மாதத்துக்கு முன்னால் போஸ்ட்பெய்டை விட்டால் அபராதமா?

தங்கச்சிமடத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள், கடைக்காரர் ஆறு மாதம் கட்டாயம், நடுவில் விட்டால் பணம் கட்டணும் என்கிறாராம். அவர் வாய்ச்சொல்லை நம்பிக் கட்டிவிடாதீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், நடுவில் விலகினால் இவ்வளவு என்று எழுதியிருக்கிறதா, அதைப் பாருங்கள். தள்ளுபடியில் போன், இலவச மோடம் வாங்கியவர்களுக்குத்தான் பெரும்பாலும் அந்த நிபந்தனை இருக்கும், இருந்தால் அதை முடிக்காமல் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. இல்லையென்றால் கடைசி பில்லைக் கட்டினால் போதும்.

சரி, எண் போய்விடுமே என்று பயப்படவேண்டாம். அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்குப் போகலாம். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்து, கெடு தாண்டிய பில் பாக்கி எதுவும் இல்லாமல் இருந்தால், ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து இடைவெளி விட்டு உங்கள் எண்ணையும் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், வரும் குறியீட்டைப் புது நிறுவனத்திடம் கொடுக்கணும், அது 4 நாள்தான் செல்லும். அப்புறம் முன்பணம் கட்டியிருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், நம்ம ஆட்கள் நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம்.

இன்னொன்று, தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை டவர் பிடிக்கும், கடைசி பில்லில் ரோமிங் கட்டணம் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டே கட்டுங்கள்.