கணினி அறையில் விசைப்பலகை யார் கையில்? – கேள்வி பதில்

(யாழ். மாவட்ட ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவரும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம் பற்றிக் கேட்டவை)

தீவக ஆசிரியை: வகுப்பில் 36 பேர், ஓடுகிற கணினி 9. நகரத்துப் பிள்ளைகளுக்கு ஈடாக எப்படிப் படிப்பிப்பது?

ரீச்சர், ஒரு கணினிக்கு நாலு பேரை விட்டால், வீட்டில் கணினி உள்ள பிள்ளைதான் விசைப்பலகையைப் பிடித்துக்கொள்ளும். மற்ற மூவரும் பார்வையாளர். கலவன் பாடசாலையென்றால் பெண் பிள்ளைகள் கொப்பியில் எழுதுவதோடு சரி. இடைவெளி அங்கேதான் தொடங்குகிறது.

80 நிமிட இரட்டைப் பாடவேளை எடுங்கள். 18 பேர் கணினியில், கணினிக்கு இருவர். மற்ற 18 பேரும் மேசையில் நிரலை, அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பை, தாளில் வரிவரியாக ஓட்டி, ஒவ்வொரு வரிக்கும் மாறியின் (பெறுமானத்தை வைத்திருக்கும் பெயரின்) பெறுமானத்தை எழுதட்டும். 40 நிமிடத்தில் குழு மாற்றம். கணினியில் 20 நிமிடத்துக்கொருமுறை கதிரை மாற்றம். பக்கத்தில் இருப்பவர் வாயால் சொல்லலாம், சுட்டியைத் தொடக்கூடாது. நாலு பேர் முறைவைத்தாலும் தலைக்கு அதே 20 நிமிடந்தான்; ஆனால் இங்கே மிச்ச 60 நிமிடமும் வீணாகாது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளை முதலில் தட்டட்டும்.

ஓடாதவற்றையும் கழித்துவிடாதீர்கள். உப்புக் காற்றில் ரம் (நினைவகப்) பட்டையின் முனை கறுக்கும். மின்னை நிறுத்தி, கழற்றி, அழிறப்பரால் தேய்த்துப் போட்டால் பல எழும்பும். திகதி பின்னுக்குப் போகிறதா? தாய்ப்பலகையில் இருக்கும் சீ.ஆர். 2032 என்ற சின்னப் பற்றரியை மாற்றுங்கள். திகதி பிழைத்தால் பல இணையத்தளங்களும் திறக்கா.

தென்மராட்சி ஆசிரியர்: விண்டோஸ் 7இல் பைதன் (பாடத்தில் வரும் நிரலாக்க மொழி) ஏறுதில்லை.

பைதன் 3.9உம் அதற்குப் பிந்தியவையும் ஏறா. 3.8ஐ இறக்குங்கள், உங்கள் விண்டோஸ் 32 பிற்றா 64 பிற்றா என்று பார்த்து. பென்ரைவை வைரஸ் சோதிக்காமல் செருகவேண்டாம்.

ஒரு தாய்: என்ன லப்டொப் வாங்கலாம்?

பாடத்துக்குப் பழையதே போதும். 4 ஜீபீ ரம், எஸ்.எஸ்.டி. (வேகமான சேமிப்பகம்) இருந்தால் சரி.

ஒரு தகப்பன்: மகள் பாஸ்பேப்பர் செய்தே ஏ எடுக்கிறா. கணினி தேவையா?

தேவை. உயர்தரப் பரீட்சையில் இந்தப் பாடத்தின் இரண்டு வினாத்தாளும் எழுத்தில்தான். செய்முறைத் தேர்வு இல்லை. அதனால் கணினி அறையைப் பூட்டி வைத்தாலும் பெறுபேற்றில் முழுசாகத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் முதல் நிரலாக்கப் பயிற்சியன்றுதான் தெரியும். பாஸ்பேப்பரை மனப்பாடம் செய்யவிடாதீர்கள்.

வடமராட்சி ஆசிரியர்: வசதியில்லாத பிள்ளைக்கு முதலில் பெறுபேறு வேண்டும், சேர். தட்டிப் பழகுவதைப் பிறகு பார்க்கலாம்.

பெறுபேறு வேண்டும்தான். ஆனால் தட்டிப் பழகாததால் அதிலும்தான் புள்ளி போகிறது. மாணவரின் புள்ளியை ‘இன்புட்’ என்ற கட்டளையால் வாங்கி, 75க்குக் கூடவா என்று ஒப்பிடும் நிரலை எடுங்கள். இன்புட் தருவது எழுத்துச் சரம்; ‘இன்ட்’டால் முழு எண்ணாக்காவிட்டால் பைதன் ‘டைப்எரர்’ (தரவு வகை பொருந்தாப் பிழை) காட்டி நின்றுவிடும். ஒருமுறை தட்டி அந்தப் பிழையைக் கண்ட பிள்ளை மறக்காது. மனப்பாடம் செய்த பிள்ளை, வினாவில் 75ஐ 40 ஆக்கி ஒரு வரியை மாற்றினாலே தடுமாறும். ‘பிறகு’ என்பது வீட்டில் கணினி உள்ள பிள்ளைக்குத்தான் வரும். வசதியில்லாத பிள்ளைக்குப் பாடசாலைக் கணினி அறையை விட்டால் வேறு இடமில்லை. அதனால்தான் பிறகு பார்க்கலாம் என்பதை ஏற்கமாட்டேன்.

வடமராட்சி ஆசிரியர்: பாடத்திட்டம் முடியாதே?

நிரலாக்க அலகைக் கடைசிக்குத் தள்ளினால் முடியாது. தரம் 12இலேயே தொடங்கி, கிழமைக்கு ஒரு சின்ன நிரல் எழுதுவியுங்கள். தரவுத்தளமும் வலையமைப்பும் பக்கத்தில் நடக்கட்டும்.

மாணவி: ஆங்கிலம் வராது. பைதன் படிக்கலாமா?

படிக்கலாம், தங்கச்சி. பைதன் 3.8இல் ஒதுக்கிய சொற்களே 35தான். பாடத்துக்கு அதில் பாதிகூட வேண்டாம். பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியை முதலில் வாசியுங்கள், பிறகு வரி இலக்கத்தைத் தேடுங்கள். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைதன் 3 ஏற்கும்.

இன்னொருவர்: ஐ7 லப்டொப் நல்லதா?

மேலே சொல்லிவிட்டேன்.

மாணவன்: பல்கலைக்கழகம் போக இசற் புள்ளி (Z-score) எவ்வளவு வேண்டும்?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பாருங்கள், தம்பி. வெட்டுப்புள்ளி ஆண்டுக்காண்டு மாறும். ரியூசனில் சொல்வதை நம்பவேண்டாம்.