ஒரு சின்ன பவேரியக் கிராமத்துக்கு என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது? பெர்லின் சுவரைப் பார்த்தால் போதாதா?

கேள்வி கேட்டவர் ஜெர்மனிக்குப் படிக்க வந்தவராகவோ, ஒரு வாரச் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுகிறவராகவோ இருக்க வேண்டும். அவருடைய நேர நெருக்கடி எனக்குப் புரிகிறது. பெர்லினைக் குறைத்துச் சொல்வதும் என் நோக்கமன்று. ஆனால் "என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது" என்ற தொனியைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தெற்கு ஜெர்மனியின் மாநிலமான பவேரியாவின் வடகிழக்கு மூலையில், ஹோஃப் நகரில் வேலை பார்க்கும் நான், என்னைப் பார்க்க வரும் உறவினர்களைப் பக்கத்திலுள்ள, ஒரு காலத்தில் கிழக்கு-மேற்கு ஜெர்மனி எல்லையால் இரண்டாகப் பிரிந்துகிடந்த மோட்லாரொய்ட் என்ற ஊருக்கு அழைத்துச் செல்வதும், நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைக் காட்டாமல் இதைக் காட்டினாயே என்று அவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. மோட்லாரொய்ட்டின் மக்கள்தொகையே ஐம்பது பேர் அளவில்தான் இருக்கும்.

அப்படி வந்தவர்களில் முகம் சுளிக்காத ஒரே ஆள் என் சித்தப்பா. கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர். திறந்தவெளி அருங்காட்சியகத்தில் எல்லாரும் கண்காணிப்புக் கோபுரத்தையும் சுவரையும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் ஊருக்கு நடுவே ஓடும் டான்பாக் ஓடையின் கரையில் எல்லைக்கல்லின் முன் நின்றுவிட்டார். 1810இல் நடப்பட்ட எல்லைக்கற்கள் அந்த ஓடையோரம் உண்டு; ஒரு பக்கம் பவேரிய அரசின் முதலெழுத்துகள், மறுபக்கம் ரொய்ஸ் சிற்றரசின் முதலெழுத்துகள். "ஏம்ப்பா, இது சர்வே கல்லு மாதிரியில்ல இருக்கு? இதுக்கு ஊரைப் பிரிக்கிற அதிகாரம் யார் கொடுத்தது?" என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குப் பட்டது.

ஏனெனில் நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கல்லுக்கு அப்படி எந்த அதிகாரமும் இருக்கவில்லை. நெப்போலியன் காலத்தில் பைராய்ட் பகுதி பவேரியாவின் கைக்கு வந்தபோது, ஓடையின் இந்தப் பக்கம் பவேரியா என்றும் அந்தப் பக்கம் ரொய்ஸ் என்றும் எழுதிக்கொண்டார்கள். 1920இல் ரொய்ஸ் துரிங்கியா மாநிலத்தோடு கலந்தது. வரி எந்த அலுவலகத்துக்குப் போகிறது என்பதைத் தவிர ஊராருக்கு அதனால் பெரிய மாற்றமில்லை. பள்ளிக்கூடமும் சத்திரமும் துரிங்கியப் பக்கம். வழிபாட்டுக்கு இரு பக்கத்தாரும் போனது பவேரியப் பக்கத்து டோப்பன் ஊரின் தேவாலயத்துக்கு.

கல்லுக்கு உயிர் கொடுத்தது 1944 செப்டம்பரில் நேச நாடுகள் லண்டனில் செய்துகொண்ட உடன்பாடு. தோற்கப்போகும் ஜெர்மனியை ஆக்கிரமிப்பு மண்டலங்களாகப் பிரிக்க, பெரும்பாலும் பழைய மாநில எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். பவேரியா அமெரிக்காவுக்கு, துரிங்கியா சோவியத்துக்கு. மேசைமேல் வரைபடத்தை விரித்தவர்களின் கண்ணில், தாண்டிக் குதிக்கக்கூடிய அந்த ஓடையின் இரு கரையிலும் ஒரே ஊர் இருப்பது பட்டிருக்கவே வழியில்லை. (போரைத் தொடங்கியது யார் என்பதை நான் மறந்துவிட்டதாக யாரும் எழுத வேண்டாம், மறக்கவில்லை.)

ஓடைக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தவன் என்ன செய்தான் என்பது சித்தப்பாவின் அடுத்த கேள்வி. பட்டா, சிட்டா பார்த்தே வாழ்நாளைக் கழித்தவருக்கு வேறென்ன தோன்றும்? முதலில் அனுமதிச் சீட்டோடு போய்வர முடிந்தது. 1952 மே மாத இறுதியில், சோவியத் மண்டலத்தில் உருவான கிழக்கு ஜெர்மனி எல்லையை அடைத்தது: ஐந்து கிலோமீட்டர் தடைப்பகுதி, அதற்குள் 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை, எல்லையை ஒட்டிக் காலடித் தடம் தெரியும்படி உழுதுவைத்த பத்து மீட்டர் மண். நம்பத்தகாதவர்கள் என்று கருதப்பட்ட குடும்பங்கள் எல்லையோரத்திலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டன. ஊருக்கு நடுவே முதலில் பலகை வேலி வந்தது. 1966இல் சுமார் 700 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் சுவரே வந்துவிட்டது. அமெரிக்கப் படையினர் ஊருக்குக் "குட்டி பெர்லின்" என்று பெயர் வைத்தார்கள். 1983இல் அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ்ஷும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இத்தனையிலும் சித்தப்பாவை அதிகம் கோபப்படுத்தியது வேறொன்று. பவேரியப் பக்கத்தில் நிற்பவர் சுவருக்கு அப்பாலிருக்கும் பழைய அண்டை வீட்டாரைப் பார்த்துக் கையசைக்கலாம். கிழக்குப் பக்கத்தில் இருப்பவர் பதிலுக்குக் கையசைக்கக் கூடாது, வணக்கம் சொல்லக் கூடாது. பெர்லினில் சுவர் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நகரத்தைப் பிரித்தது; அதன் கொடுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில், எதிர்வீட்டுப் புகைபோக்கியில் புகை வருவது தெரிந்தும் அந்த வீட்டாரை நலம் விசாரிக்க முடியாமல் இருப்பது வேறு வகைக் கொடுமை. பெர்லினை மட்டும் பார்த்துத் திரும்புகிறவருக்கு இது தெரியாமல் போகிறது என்பதுதான் என் வாதம். நம் நாட்டுப் பிரிவினையின் முன் இது எம்மாத்திரம் என்று கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் துன்பங்களைத் தராசில் வைக்கவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

1989 டிசம்பர் 9 அன்று, பெர்லினுக்கு ஒரு மாதம் கழித்து, இங்கே நடந்து கடக்க வழி திறந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 17இல் சுவரை இடித்தார்கள். ஒரு பகுதியை மட்டும் அருங்காட்சியகத்துக்காக விட்டுவைத்தார்கள். நாடு இணைந்த பிறகும் ஊர் நிர்வாகத்தில் இணையவில்லை. மேற்குப் பாதி பவேரியாவின் டோப்பனோடும் கிழக்குப் பாதி துரிங்கியாவின் கெஃபெல் நகரோடும் சேர்ந்திருப்பதால், இன்றும் இரண்டு மேயர்கள், இரண்டு அஞ்சல் குறியீடுகள், கார்களில் இரண்டு வகை எண் பலகைகள். இதைக் கேட்டதும் சித்தப்பா, அப்படியென்றால் 1810இல் இருந்த நிலைக்கே திரும்பிவிட்டார்கள், அது சரிதான் என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

ஆகவே, கேட்டவருக்கு: மூன்று நாள்தான் இருக்கிறதென்றால் பெர்லினுக்கே போங்கள், எனக்கு வருத்தமில்லை. பவேரியாவிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால், கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு ஹோஃப் பக்கம் வாருங்கள். முதலில் சுவரைப் பார்க்காமல் ஓடைக்கரைக் கல்லைப் பாருங்கள்.