கேள்வி பதில்: வளைவுக்கு முன்னால் வைக்கும் பலகை

கேள்வி: சிறு விவசாயிகளிடம் தேயிலைக் கொழுந்து எடுத்து ஃபேக்டரிக்கு அனுப்பும் ஒருவருக்கு நானும் நண்பரும் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். போன மாதம் அதை, சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஒரு ஏஐ ஏஜெண்டோடு இணைத்தோம். வாட்ஸ்அப்பில் வரும் எடைச் சீட்டைப் படித்து அதுவே பதிவு போட வேண்டும். ஆனால் மழை நாளில் ஈரக் கழிவை, அதாவது இலையில் இருக்கும் தண்ணீருக்காகக் குறைக்கும் எடையை, கழிக்காமல் மொத்த எடையைப் போடுகிறது, சில சீட்டுகளை இரண்டு முறை ஏற்றுகிறது. ஏஜெண்டை இயக்கும் ஏஐ மாடலை மாற்றியும் அதே கதைதான். என்ன செய்வது?
- வாசகர், கோத்தகிரி

பதில்: ஏஜெண்ட் அழைப்பதற்காக உங்கள் மென்பொருளில் திறந்துவைக்கும் ஒவ்வொரு வேலையும் ஒரு கருவி. நீங்கள் அனுப்பிய கருவி விளக்கத்தைப் படித்தேன். பெயர் 'ஆட்_என்ட்ரி', விளக்கம் 'பதிவைச் சேர்க்கும்', உள்ளே நிரப்புவதற்கு 'வெயிட்', 'டேட்' என்று இரண்டு புலங்கள், அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு நானே தப்பாகத்தான் போட்டிருப்பேன்.

ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி (மாடலையும் கருவிகளையும் இணைக்கும் பொது நெறிமுறை) வழியாக இணைத்தாலும் சரி, மாடலிடம் கருவிப் பட்டியலை நேரடியாகக் கொடுக்கும் ஃபங்ஷன் காலிங் என்று செய்தாலும் சரி, கருவியைப் பற்றி மாடலின் கண்ணில் படுவது முக்கியமாக மூன்று விஷயங்கள்: பெயர், விளக்கம், உள்ளீட்டின் வடிவம். உங்கள் நிரலுக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. முதலாளிக்கு நீங்கள் போட்டுக் கொடுத்த பிடிஎஃப் கையேடும், யாராவது எடுத்துக் கொடுத்தால் ஒழிய, தெரியாது.

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். தினமும் ஓட்டுகிறவருக்குப் பலகையே வேண்டாம், முதல் முறை வருகிறவர் அதை நம்பித்தான் கியர் மாற்றுகிறார், அதுவும் வளைவுக்கு முன்னாலேயே இருந்தால்தான் பிரயோஜனம். ஏஜெண்ட் ஒவ்வொரு தடவையும் முதல் முறை வருகிறவர்தான். எச்சரிக்கை எல்லாம் அந்தக் கருவியின் விளக்கத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

உங்களுடையதை நான் இப்படி எழுதுவேன்: 'ஒரு விவசாயி ஒரு நாளில் கொடுத்த கொழுந்தின் நிகர எடையைக் கணக்கில் ஏற்றும். நிகர எடை என்பது சாக்கும் ஈரக் கழிவும் போக மிஞ்சும் எடை, கிலோவில். சீட்டில் மொத்த எடை மட்டும் இருந்தால் ஏற்றக் கூடாது, கழிவு எவ்வளவு என்று பயனரிடம் கேட்க வேண்டும். ஊகித்துக் கழிக்கக் கூடாது. பழைய பதிவைத் திருத்த இதை அழைக்கக் கூடாது.' புலத்தின் பெயரையும் 'நிகர_எடை_கிலோ' என்று மாற்றுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். தேதிக்கு 2025-06-05 மாதிரி ஆண்டு முன்னால் வரும் வடிவத்தைக் கட்டாயமாக்குங்கள். வெறும் 05/06 என்றால் நமக்கு ஜூன் 5, அமெரிக்க வழக்கத்தில் மே 6.

'ஊகித்துக் கழிக்கக் கூடாது' என்ற வரியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இன்று கழிக்க மறந்தால் நஷ்டம் முதலாளிக்கு. நாளைக்கு அதுவே கூடுதலாகக் கழித்தால், காலையிலிருந்து மழையில் நின்று பறித்தவரின் காசு போகும், அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அப்புறம் அந்த இரட்டைப் பதிவு. மலையில் சிக்னல் வந்து வந்து போகிறது. சர்வரில் பதிவு விழுந்திருக்கும், பதில் மட்டும் திரும்பி வந்திருக்காது, ஏஜெண்ட் தோற்றுவிட்டதாக நினைத்து மறுபடி அழைக்கும். அதனால்தான் என்று நினைக்கிறேன். 'ஒருமுறைதான் அழைக்க வேண்டும்' என்று எழுதிவைத்து இதைத் தடுக்க முடியாது, கருவியையே மாற்ற வேண்டும். சீட்டு எண்ணைக் கட்டாயப் புலமாக்கி, அதே எண் மறுபடி வந்தால் புதிதாக ஏற்றாமல் 'இந்தச் சீட்டு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது' என்று பழைய பதிவையே திருப்பிக் கொடுங்கள். பிழைச் செய்திகளும் இப்படித்தான் இருக்க வேண்டும். '422' என்று சர்வரின் பிழை எண்ணை மட்டும் கொடுத்தால் ஏஜெண்ட் கண்டபடி முயன்று பார்க்கும். 'இந்த உறுப்பினர் எண் இல்லை, முதலில் உறுப்பினர் தேடல் கருவியில் பெயரைத் தேடவும்' என்றால் அடுத்த அடி அதற்குத் தெரியும்.

மாற்றியபின், ஈரச் சீட்டு, எடை அழிந்துபோன சீட்டு, ஒரே பெயரில் இருவர் என்று சிக்கலானதாகப் பார்த்து இருபது பழைய சீட்டுகளைப் பொறுக்கி, சோதனைக் கணக்கில் ஓட விடுங்கள். எந்தக் கருவியை என்ன மதிப்போடு அழைத்தது என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் மென்பொருளை வெளியிலிருந்து எப்படி அழைப்பது என்று விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ கோப்பு எங்களிடம் இருக்கிறது. அதிலிருந்தே 40 கருவிகளைத் தானாக உருவாக்கிவிட்டோம். போதாதா?
- வாசகர், கூடலூர்

பதில்: தொடங்க அது போதும், அப்படியே விட்டுவிடாதீர்கள். அந்தக் கோப்பு புலத்தின் வகையைச் சொல்லும், எப்போது எதை அழைப்பது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. 40 கருவிகளில் ஒன்றுபோல் ஒன்று இருந்தால் தேர்விலேயே தடுமாறும். சேர்ந்தே நடக்கும் வேலைகளை ஒரே கருவியாக்குங்கள். எம்சிபியில் 'அழிக்கக்கூடியது', 'படிக்க மட்டும்' என்று குறிக்க இடமுண்டு, ஆனால் அவை வெறும் குறிப்புகள்தான். அழிப்பதற்கு முன் மனிதர் ஒப்புதல் தர வேண்டும் என்றால் அதை நிரலிலேயே வையுங்கள்.

கேள்வி: விளக்கத்தைத் தமிழில் எழுதலாமா?
- வாசகி, குன்னூர்

பதில்: தாராளமாக. இன்றைய பெரிய மாடல்களுக்குத் தமிழ் புரியும், டோக்கன் (மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் துண்டு) மட்டும் ஆங்கிலத்தைவிடக் கூடுதலாகும். ஒரு கருவியில் 'இலை', இன்னொன்றில் 'கொழுந்து', மூன்றாவதில் 'சரக்கு' என்று எழுதாதீர்கள், மூன்றும் வேறு வேறு என்று எடுத்துக்கொள்ளும். ஒரே சொல்லை எல்லாவற்றிலும் வைத்து, நம் ஊர்ச் சொல்லாக இருந்தால் பக்கத்திலேயே ஒரு வரியில் பொருள் எழுதிவிடுங்கள்.