வெள்ளணுவை நிறுத்தும் சர்க்கரை

கேள்வி: காயம்பட்ட இடத்தை வெள்ளணுக்கள் அடையாளம் காணச் செல்களின் மேலுள்ள சர்க்கரைகளே உதவுகின்றன என்று படித்தேன். இதை ஆராய்பவர்கள் அச்சர்க்கரைகளைச் செயற்கையாகத் தயாரிக்கிறார்களாமே! செல்லில் இருப்பதையே பிரித்தெடுத்தால் போதாதா?

பதில்: பிரித்தெடுக்கலாம், ஆனால் கிடைப்பது ஒரே பொருளாக இருக்காது. புரதத்தின் வரிசை ஜீனில் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிக்கு அத்தகைய அச்சு இல்லை. நொதிகள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டுவதால், ஒரே புரதத்தின் மீதே நீளத்திலும் கிளைகளிலும் வேறுபட்ட பல சங்கிலிகள் கலந்திருக்கும். அந்தக் கலவையைச் சோதித்து, ஒட்டியது எது என்று அறுதியிட்டுச் சொல்வது மிகக் கடினம்.

நீங்கள் குறிப்பிட்ட நிகழ்வையே பார்ப்போம். அழற்சி கண்ட இடத்தில், ரத்தக் குழாயின் உட்சுவரில் உள்ள செல்கள் செலக்டின் என்னும் புரதத்தை வெளிக்காட்டுகின்றன. வெள்ளணுவின் மேலுள்ள சியாலில் லூயிஸ் எக்ஸ் என்ற நான்கு சர்க்கரைகள் கொண்ட துணுக்கு அதைப் பற்றுகிறது. பற்றி, விட்டு, மீண்டும் பற்றுவதால் வெள்ளணு சுவரோரமாக உருண்டு வேகம் குறைகிறது. அதன் பிறகே இன்டெக்ரின் என்னும் புரதங்கள் அதை உறுதியாக ஒட்டவைக்கின்றன.

இத்துணுக்கை வேதியியலாளர் தாமே கட்டும்போது, ஒரேயொரு ஹைட்ராக்சில் தொகுதியை (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த OH) மட்டும் நீக்கிவிட்டு மற்ற அனைத்தையும் அப்படியே வைத்து, ஒட்டுதல் குறைகிறதா என்று பார்க்க முடியும். ஃபியூகோஸ் என்ற சர்க்கரையின் ஹைட்ராக்சில்கள் இன்றியமையாதவை என்பது இப்படித்தான் தெரிந்தது. அவை செலக்டினில் உள்ள கால்சியம் அயனியோடு பிணைகின்றன என்பதைப் படிக அமைப்பு ஆய்வுகள் பின்னர் காட்டின. ஃபியூகோஸைச் செல்லுக்குள் உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் புரதம் பிறவியிலேயே பழுதானவர்களுக்கு, ரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தும் தொற்று அடிக்கடி வருவதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஃபியூகோஸ் இல்லாததால் அவ்வணுக்கள் செலக்டினைப் பற்ற முடிவதில்லை.

தனித்துணுக்கின் பிடி மிகத் தளர்வானது. அதன் செறிவு மில்லிமோலார் (லிட்டருக்கு ஒரு மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்னும் உயர்ந்த அளவை நெருங்கினால்தான் செலக்டினைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கும். எனவே, பாலிமர் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறின் இழை ஒன்றில் துணுக்குகளைக் கோத்து, அவற்றின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் விரும்பியவாறு மாற்றிச் சோதிக்கிறார்கள். ஒன்றுக்கொன்று உதவும் பல தளர்ந்த பிடிகள் சேர்ந்து வலுவான பிணைப்பாவதை இதனால் அளந்தறிய முடிகிறது. என் பார்வையில் செயற்கை மூலக்கூறுகளின் மிகப் பெரிய பயன் இதுவே. ஏனெனில் இயற்கையான செல் பரப்பில் எண்ணிக்கையையும் இடைவெளியையும் இப்படித் தனித்தனியே மாற்றிப் பார்ப்பது அரிது.